ஒரே விலைக்குப் பெரிய சைக்கிள்

போன ஞாயிற்றுக்கிழமை (ஆகஸ்ட் 2011) என் ரோட் பைக்கை உடம்புக்கு அளவெடுத்துச் சரிசெய்துகொள்ள முதுநகரிலிருந்து சிதம்பரம் போய்வந்தேன். வேலை முக்கால்வாசிதான் முடிந்தது. மீதியை நானே வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

நான் துறைமுகம் பக்கம் நைலான் கயிறு விற்கிறவன், வயது நாற்பத்து மூன்று. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கிற டிரையத்லானில் என் மனைவியின் தம்பி கருணாவோடு இறங்குவதாக ஒப்பந்தம். கருணா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலைக்குப் போய் நான்கு வருடமாகிறது. லீவு கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம் என்கிறார்களாம். இரண்டு வருடம் முன்பு எனக்கு வாங்கி அனுப்ப அங்கே வண்டி பார்க்கப் போனவன் கடையிலிருந்தே போனில் என்ன சைஸ் என்று கேட்டான். "எல்லாம் ஒரே விலைன்னா பெருசா வாங்கிடு" என்றேன். வியாபாரி புத்தி. அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். என் மீட்டரில் 41 கி.மீ. ஆலப்பாக்கம் வரை சுகம். புதுச்சத்திரம் தாண்டியதும் வழக்கம்போல விரல்கள் மரத்துப்போயின, நடுமுதுகு பிடித்துக்கொண்டது. இந்த முதுகோடு இறங்கிப் பத்து கிலோமீட்டர் எங்கே ஓடுவது? 7.10க்குச் சிதம்பரம். பஸ் ஸ்டாண்ட் அருகே இரண்டு இட்லி, ஒரு டீ.

ரபீக் பெங்களூரில் சைக்கிள் கடையில் இந்த வேலை செய்கிறவர். ஊருக்கு வரும்போது வீட்டு மாடியிலேயே பார்த்துத் தருகிறார். சுவரோரம் நிற்கவைத்து, தொடைகளுக்கு நடுவே கெட்டி அட்டைப் புத்தகத்தை இடுக்கிக் கால் நீளம் எடுத்தார். வண்டியை ஸ்டாண்டில் மாட்டி மிதிக்கச் சொன்னார். முட்டியிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது பெடலில் எங்கே விழுகிறது என்று பார்த்தார்.

"இடுப்பு ஊஞ்சல் ஆடுதுண்ணே. இது உங்க வண்டி இல்ல."

"பில் என் பேர்ல இருக்கே பாய்."

"பில்லு கால் நீளம் பாக்காதுண்ணே." ஸீட் குழாயில் இருந்த மஞ்சள் டேப்பைத் தொட்டுக் காட்டினார். "இது அஞ்சடி பத்து இருக்குறவரு உயரம். யாரு ஏறிப் பாத்து வாங்குனது?"

கருணாவுக்கு அதே உயரம். கடைக்காரர்தான் அடையாளம் வைத்து அனுப்பியிருப்பார் என்று நினைத்து, இரண்டு வருடமாக அந்தக் கோட்டிலேயே ஓட்டியிருக்கிறேன்.

"ஃபிரேமை எனக்குக் குடுத்துடுங்கண்ணே. இருபத்திரெண்டாயிரம் தரேன். உங்க அளவுக்கு ஒண்ணு நானே கொண்டாரேன்."

நல்ல விலை. என் கடையில் இப்படி ஒருவர் கேட்டால் மறுபேச்சுப் பேசமாட்டேன். ஆனால் மாடியோரம் போய்ச் சிங்கப்பூருக்கு போன் போட்டேன்.

"மச்சான், கடையில நீ ஏறி உக்காந்தியா?"

"பத்து நிமிஷம் மாமா. ஸ்டாண்டுல மாட்டிக் குடுத்தான், மிதிச்சேன். எறங்கவே மனசு வரல."

"இங்க ஒருத்தரு வெலைக்குக் கேக்குறாரு."

"வித்துடு மாமா. நான் எப்ப வருவேன்னு எனக்கே தெரில. நீயாவது ஒழுங்கா ஓட்டு."

திரும்பி வந்து, ஃபிரேம் விற்பனைக்கு இல்லை என்றேன். ரபீக் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஸீட்டை இறக்கி முன்னே தள்ளினார். ஹேண்டில்பாரை ஃபிரேமோடு சேர்க்கும் துண்டைக் கழற்றிக் குட்டையானது போட்டார். "வலி பாதி போவும். மீதி ஃபிரேமுல இருக்கு." என் உயரத்துக்கு வெள்ளை டேப் ஒட்டினார். மஞ்சளை எடுக்கப் போன கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெயில் தாழட்டும் என்று இருந்துவிட்டு மாலை 3.30க்குக் கிளம்பி 5.25க்கு வீடு. இந்தமுறை பாதி தூரத்துக்கும் மேல், ஆலப்பாக்கம் வரை, விரல் மரக்கவில்லை, அதற்குப் பிறகுதான் மரத்தது. போகிறவர்கள் தினமும் ஓட்டும் ஷூவையும் டிராயரையும் போட்டுக்கொண்டு போங்கள், மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முக்கியமாக, வண்டி வாங்குவதற்கு முன்னாலேயே போங்கள்.

அளவெடுக்க 1,500, குட்டைத் துண்டுக்கு 900. ராத்திரி மறுபடி போன் போட்டுக் கருணாவோடு பேசி முடித்தது வேறு: அவன் வந்து இறங்கும் நாளில் ஸீட் மஞ்சள் கோட்டுக்கு ஏறும், முதல் நாற்பது கிலோமீட்டர் அவனுக்கு, அதுவரை வாரம் ஒருமுறையாவது நான் ஓட்டிவைக்க வேண்டும், வாடகை கிடையாது.