கூலாய் தோட்டத்தில் பதினோரு மணிக்கு வேலையை நிறுத்தும் எருமை

நான் மலேசியாவின் ஜொகூர் பாருவில் பாலர் பள்ளி ஆசிரியை. பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரம், விலங்குப் படங்களுக்குக் கீழே மூன்று மொழிகளில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தேன். தமிழில் எருமை, மலாயில் கெர்பாவ், ஆங்கிலத்தில் வாட்டர் பஃபலோ. ஆங்கிலப் பெயருக்குத் தண்ணீர் எருமை என்று பொருள் சொன்னேன். உடனே ஐந்து வயது யாழினி, அது மீன் மாதிரி தண்ணீருக்குள்ளேயே இருக்குமா என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. எத்தனையோ பேரை எருமை என்று திட்டியிருக்கிறேன்; முப்பத்தாறு வயதாகியும் ஒன்றைக்கூடப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

எங்கள் தேவாலயத்துக்கு வரும் ஓர் அக்காவின் தம்பி அந்தோணி, கூலாய்க்கு அப்பால் எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எருமை வண்டி ஓட்டுகிறார். அவர் தோட்டத்தில் அனுமதி வாங்கித் தந்தார். விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலை 7.10க்கு என் பழைய காரில் கிளம்பினேன். செனாய் தாண்டி கூலாய் முப்பது கிலோமீட்டர் சொச்சம். அங்கே காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டிச் சானாயும் தே தாரிக் தேநீரும் ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட். பிறகு தோட்டத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்; கடைசி மூன்று வெறும் செம்மண் பாதை. 8.40க்குப் போய்ச் சேர்ந்தேன்.

அந்தோணிக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய எருமைக்கு மேனேஜர் என்று பெயர். காரணம் கேட்டேன். சிரிக்காமல் சொன்னார்: "பதினோரு மணி ஆனா யாரையும் கேக்காம லீவு போட்டுருவாரு, டீச்சர்."

சேற்று நிலத்தில் டிராக்டர் இறங்கினால் புதைந்துவிடுமாம். அதனால் வெட்டிய பழக்குலைகளை மேனேஜர்தான் வண்டியில் இழுத்துச் சாலையோரம் சேர்க்கிறது. ஒரு நடைக்கு ஏறத்தாழ அரை டன். முழங்கால் புதையும் சேற்றில் அது அவசரமே இல்லாமல் காலை எடுத்து வைத்தது. அந்தக் கழுத்தையும் கொம்பையும் பார்த்தபடி நான் வாயைப் பிளந்து நின்றேன். நாம் எதைச் சொல்லித் திட்டுகிறோம் என்றே நமக்குத் தெரியவில்லை.

10.50க்கு மேனேஜர் நின்றுவிட்டது. அது தினமும் போய்க் கிடக்கும் குளத்துப் பக்கம் தலையைத் திருப்பியது. அந்தோணி நுகத்தை அவிழ்க்கப் போனார். அப்போதுதான் நான் அந்தப் புத்தி கெட்ட வேலையைச் செய்தேன். மர நிழலில் எடுத்த வீடியோ இருட்டாக இருந்தது, பிள்ளைகளுக்காக இன்னும் ஒரே ஒரு நடை போக முடியுமா என்று கேட்டேன். அவர் குளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்று நுகத்தை அவிழ்க்காமல் விட்டுவிட்டார்.

அடுத்து போன வரிசையில் பட்டுப்போன மரங்களை அகற்றியிருந்தார்கள், நிழலே இல்லை; நல்ல வெளிச்சம் என்று நான் வீடியோ எடுத்துக்கொண்டே நடந்தேன். பாதி வழியில் மேனேஜருக்கு மூச்சு இரைத்தது. நாக்கு வெளியே தொங்கி எச்சில் வழிந்தது. நான்கு காலையும் அகட்டி நின்றது, பிறகு அப்படியே மடிந்து விழுந்தது.

அந்தோணி வண்டியைக் கழற்றித் தள்ளினார். பக்கத்துக் கால்வாயிலிருந்து அவர் வாளியில் மொண்டார், நான் அவருடைய தலைக்கவசத்தில் மொண்டேன். செம்பனை மட்டைகளை வெட்டி அதன் மேல் நிழலுக்குச் சாய்த்தோம். எருமைக்கு நம்மைப் போல வியர்க்காது, தண்ணீர்தான் அதன் உடம்புச் சூட்டை எடுக்கும் என்று ஊற்றிக்கொண்டே சொன்னார். எட்டு வருடமாக வைத்திருக்கிறார், இருப்பது இது ஒன்றுதான். தெரிந்தும் ஏன் சரி என்றீர்கள் என்று கேட்டேன்.

"டீச்சர் வாய் விட்டுக் கேட்டுட்டீங்க. எங்க வீட்டுல டீச்சருக்கு இல்லன்னு சொல்லிப் பழக்கம் இல்ல."

அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் தண்ணீர் ஊற்றினேன். நாற்பது நிமிடம் ஆனது. மேனேஜர் ஒரு காதை ஆட்டியது. பிறகு முன்காலை ஊன்றி எழுந்து, எங்களைத் திரும்பியும் பார்க்காமல், இருநூறு மீட்டர் தள்ளியிருந்த குளத்தை நோக்கித் தானே நடந்தது.

அது தண்ணீரில் இறங்கியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவ்வளவு பெரிய உடம்பு சத்தமே இல்லாமல் உள்ளே போனது. கடைசியில் இரண்டு கண், மூக்கு, கொம்பு மட்டும் வெளியே. ஒரு நீண்ட மூச்சு விட்டது, நீர் வட்டம் வட்டமாக விலகியது. அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் யாரோ, இதைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: தோட்டங்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். முழங்கால் வரை பூட்ஸ், தொப்பி, இரண்டு லிட்டர் குடிநீர் அவசியம். சாலைக் கட்டணம், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு ஐம்பது வெள்ளிக்குள் முடிந்தது. காலை எட்டுக்கே போய்விடுங்கள். எருமையும் அதை ஓட்டுகிறவரும் நிறுத்தும்போது நீங்களும் நிறுத்துங்கள். உங்களிடம் இல்லை என்று சொல்லத் தயங்குகிறவரிடம் எதையும் இரண்டு முறை யோசித்துக் கேளுங்கள்.

விடுமுறை முடிந்து, வெளிச்சத்தில் எடுத்த அந்த வீடியோவை அழித்துவிட்டேன். வகுப்பில் நடந்ததை நடந்தபடியே சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. யாழினி எழுந்து போய் வண்ணப் பென்சிலை எடுத்தாள். சுவரில் ஒட்டியிருந்த எருமையின் காலடியில் நீல நிறத்தில் ஒரு குளம் வரைந்தாள். போதாது என்று நினைத்தாளோ என்னவோ, முதுகு மூழ்கும்வரை வரைந்துகொண்டே இருந்தாள்.