நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லீட்டர்

என் தங்கச்சியைக் கல்யாணத்துக்கு ஏற்றிப் போனது ஒரு வீட்டு வேன். உள்ளே கட்டில், அடுப்பு, கழுவுகிற தொட்டி, சின்ன பிரிட்ஜ் எல்லாம் இருக்கும். வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு எடுத்து, பிடித்த இடத்தில் நிறுத்தித் தூங்குவார்கள். நுவரெலியாவில் அப்படி ஒரு வண்டி வைத்திருந்த முதலாளியிடம் என் வீட்டுக்காரர் புதிதாக டிரைவராகச் சேர்ந்திருந்தார். கல்யாணம் என்றதும் முதலாளி, "பொண்ணை இதுலயே கொண்டு போங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

வண்டியில் ஏறிய நாளிலிருந்தே இவருக்கு ஒரு குடைச்சல். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த திரையில் ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். முன்பு ஓட்டிய ஜப்பான் வேனிலும் அப்படி ஒன்று உண்டு. லீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று அது காட்டும். எண் ஏறினால் லாபம். இந்த வண்டியிலோ, மெதுவாக ஓட்டினால் எண் இறங்குகிறது, மிதித்தால் ஏறுகிறது. டீசலைக் கெடுக்கிறோமோ என்று பயம். முதலாளியிடம் கேட்டால் வண்டி தெரியாதவன் என்று நினைத்துவிடுவாராம். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். டீசலுக்காக வரிசையில் கிடந்த காலத்துக்குப் பிறகு அவருக்கு அந்தப் பயம் போகவே இல்லை.

கல்யாணம் நுவரெலியா கோயிலில். சொந்தக்காரர்கள் எல்லாரும் விடியற்காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். டயகம தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து நாங்கள் மூன்று பேர்தான் வேனில் கிளம்பினோம். தங்கச்சி பின்னால் கட்டிலில் உட்கார்ந்து, குலுக்கலுக்கு நடுவே தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். நான் முன் சீட்டில். தாமதமாகத்தான் புறப்பட்டோம். புடவைக்கு ஊசி குத்த வந்த பக்கத்து வீட்டு அக்கா நேரம் எடுத்துவிட்டாள்.

அக்கரப்பத்தனை தாண்டித் தலவாக்கலை வரைக்கும் பெரும்பாலும் இறக்கம். எண் இறங்கிக்கொண்டே போனது. பதினொன்று, எட்டு, ஆறு. இவருக்கு முகம் செத்துவிட்டது. எஞ்சினில் ஏதோ கோளாறு என்றார். கீழே இன்னோர் எண், மிச்ச டீசலில் எவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்கிற எண், அது மட்டும் நூறுக்கு மேல் காட்டியது. "இது கூடுது, அது குறையுது, எதை நம்புறது?" என்று திரையைத் தட்டினார். தலவாக்கலையில் டீசல் அடிக்கிற ஷெட்டில் வரிசை நின்றது. முகூர்த்தத்துக்கு நேரமில்லை, கீழ் எண் காட்டுகிற தூரம் போதுமே என்று நிற்காமல் போய்விட்டோம்.

பிறகு ஏற்றம் தொடங்கியது. எண் கிடுகிடுவென ஏறியது. பதினைந்து, இருபது, இருபத்தைந்து. இவருக்கு உயிர் வந்தது. "இப்பத்தான் வண்டி சரியா ஓடுது" என்று சொல்லி இன்னும் அழுத்தினார். வளைவுகளில் தேயிலைச் செடிகள் கண்ணாடியில் உரசுகிற மாதிரி வந்து போயின. என் கண் கீழே இருந்த எண்ணில். நூறு எழுபதாச்சு. எழுபது நாற்பதாச்சு. நாங்கள் அவ்வளவு தூரம் வரவே இல்லை.

"என்னங்க, மேல கூடக் கூட கீழ கரையுதே" என்றேன்.

பின்னாலிருந்து தங்கச்சி கேட்டாள், "மேல உள்ள எண்ணுக்குப் பக்கத்துல என்னக்கா போட்டிருக்கு?"

குனிந்து பார்த்தேன். லீட்டர் என்று போட்டு, ஒரு கோடு இழுத்து, நூறு கிலோமீட்டர் என்று இருந்தது. சொன்னேன்.

"நேத்து சமையக்காரர் நூறு பேருக்கு எத்தனை கிலோ அரிசின்னு கேட்டாருல்ல, அந்தக் கணக்குதான் இதுவும். கூடுனா செலவுக்கா. அத்தான், மிதிக்காதீங்க."

இவர் காலைத் தளர்த்திவிட்டார். இத்தனை நாள் நல்லதுக்குப் பயந்து, கெட்டதுக்குச் சந்தோஷப்பட்டிருக்கிறோம் என்பது எனக்கே மெல்லத்தான் உறைத்தது. கீழே இருபத்திரண்டு காட்டியது. சிறிது நேரத்தில் டீசல் விளக்கு மஞ்சளாக எரிந்தது. வழியில் ஒரு ஷெட் வந்தது. வாசலில் கயிறு கட்டி, டீசல் இல்லை என்று பலகை மாட்டியிருந்தார்கள்.

இறங்கி ஓர் ஆட்டோவைப் பிடித்துப் பெண்ணை அனுப்பிவிடலாம் என்றார் இவர். மழை தூறிக்கொண்டிருந்தது. தங்கச்சி பட்டுப்புடவையைப் பார்த்துக்கொண்டாள். "ஆட்டோல சாரல் அடிக்கும். போற வரைக்கும் இதுலயே போவோம் அத்தான். நின்னா நான் இறங்கி நடக்குறேன்."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அதே நேரம் அவள் குரலில் இருந்த நிதானம் எனக்கு வேண்டியும் இருந்தது. பிரிட்ஜை அணைத்தேன். ஹீட்டரை அணைத்தேன். இவர் மெல்ல, ஒரே சீராக ஓட்டினார். முன்னால் ஒரு லொறி நின்றபோது சும்மா நின்ற வண்டியிலும் எண் எகிறியது. அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. என் கைக்குட்டையை எடுத்துத் திரையின் மேல் போட்டு மூடினேன். "ரோட்டப் பாருங்க" என்றேன். அவர் அதை எடுக்கவில்லை.

நானுஓயா தாண்டிச் சமதரையில் வந்தபோது கைக்குட்டை சரிந்து விழுந்தது. மேல் எண் பன்னிரண்டுக்கு வந்திருந்தது. கீழே எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகள். அதற்கும் சொல்லத் தெரியவில்லை போலும். கடைசியாக ஓடிய ஓட்டத்தை வைத்துத்தான் அது மிச்சத்தைக் கணக்குப் போடுகிறது என்று அப்போது புரிந்தது. இறக்கத்தில் வந்தவர்களை நம்ப வைத்தது, ஏற்றத்தில் வந்தவர்களை மிரட்டியது. முன்னால் இருக்கும் பாதை அதற்குத் தெரியாது.

கோயில் வாசலில் வண்டி நின்றபோது மேளக்காரர் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் குடையோடு ஓடி வந்தார். தங்கச்சி புடவையைத் தூக்கிப் பிடித்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். முகூர்த்தம் தப்பவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டி அங்கேயே நின்றுவிட்டால் முதலாளிக்கு என்ன சொல்வது என்று, சாப்பாட்டு இலை போடுவதற்கு முன்பே ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு டவுனில் இருந்த ஷெட்டுக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில்தான் குடும்பப் படம் எடுத்தார்கள். இவரைத் தவிர எல்லாரும் இருக்கிறோம். என் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன்.