மனுக்காரரின் இரண்டு உறைகள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரை அந்தத் தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மனுக்காரர் என்றுதான் பெயர். எரியாத தெருவிளக்கு, மூடியில்லாத சாக்கடை, தபால் நிலையத்தில் மை தீர்ந்த பேனா, எதைக் கண்டாலும் மனிதருக்குக் கை துறுதுறுக்கும். உடனே ஒரு மனு. "நல்ல விசுவாசி நல்ல குடிமகனாவும் இருக்கணும்" என்று போதகர் எப்போதோ பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். சொன்னவர் மறந்துவிட்டார், கேட்டவர் மறக்கவில்லை. இதுவரை நாற்பத்தொரு மனு. ஒன்றுக்காவது பதில்? மூச்!

இதையெல்லாம் அவர் மனைவி இருபத்திரண்டு வருடமாகப் பொறுத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டாவது மனுவைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அது அவளுடைய சொந்தத் தம்பி மேல். மச்சினனின் பெயிண்ட் கடை டிரம்கள் நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றதால், ஜனங்கள் நடுரோட்டில் இறங்கி பஸ்ஸுக்குத் தப்பித்துக் குதிக்க வேண்டியிருந்தது. மனுக்காரர் மாநகராட்சிக்கு எழுதிப் போட்டார். போட்டவர் சும்மா இருந்தாரா? அதைச் சாப்பாட்டு மேசையில் பெருமையாகச் சொல்லியும் தொலைத்தார். அன்றோடு அவள் வாய் மூடியது.

அவரிடம் மட்டும்தான் மூடியது. ஃப்ரிட்ஜிடம் நன்றாகவே பேசினாள். "சாப்பிடுறவங்க வந்து சாப்பிடலாம்" என்பாள் அதைப் பார்த்து. "சொந்த மச்சினனையே காட்டிக்கொடுக்கறவங்களுக்குப் பசி மட்டும் நேரத்துக்கு வந்துடுது பாரேன்." ஃப்ரிட்ஜ் உர்ரென்று ஆமோதிக்கும். வாயாடி என்று அவளைக் கேலி செய்து வந்த மனிதர், இப்போது அந்த வாய்க்காக ஏங்கிப்போனார்.

பதினோராம் நாள், சனிக்கிழமை மத்தியானம், கடையில் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று மாநகராட்சிக்கு நினைவூட்டல். மற்றது சபையின் ஜெப விண்ணப்பப் பெட்டிக்கு. அதில் எல்லோரும் பெயர் போடாமல் துண்டுச் சீட்டு போடுவார்கள். போதகர் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார். மனுக்காரருக்கோ மொட்டைக் கடிதம் என்றாலே ஆகாது. ஆண்டவருக்கு எழுதினாலும் பெயர், முகவரி, போன் நம்பர், தேதி, பொருள் எல்லாம் போட்டு, "பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தரவும்" என்று முடித்தால்தான் அவருக்குத் திருப்தி.

இரண்டையும் கடை உறைகளில் போட்டு ஒட்டி, ஆண்டவருடையதன் மூலையில் பென்சிலால் பொடியாக ஒரு சிலுவை போட்டு வைத்தார். அந்த நேரம் பார்த்து, கண்ணாடி உடைந்துபோய் ஒரு டீச்சர் தடவிக்கொண்டு வந்தார். பவர் ஒன்றுதான், பாவம் என்று மனுக்காரர் தன் கண்ணாடியையே கழற்றிக் கொடுத்தனுப்பினார். அப்புறம் அவர் கண்ணுக்கு எங்கே தெரியும் பென்சில் சிலுவை? சாயங்காலம் ஓர் உறையை மாநகராட்சிப் பெட்டியிலும் மற்றதைச் சபைப் பெட்டியிலும் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் சபையில் எல்லோரும் கண்ணை மூடியிருக்க, போதகர் உறையைப் பிரித்து உருக்கமாக வாசித்தார்.

"ஐயா, முன்பு எழுதியதற்குத் தங்களிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. தாங்கள் தூங்குகிறீர்களோ என்ற சந்தேகம் எழுகிறது."

"ஆமென்" என்றது சபை, பழக்க தோஷத்தில்.

"ஏழு நாளில் பெயிண்ட் கடை டிரம்களை அகற்றாவிட்டால், தங்களுக்கு மேலுள்ள அதிகாரியிடம் போவேன்..." போதகர் திணறி நிறுத்தினார். ஆண்டவருக்கு மேலே எந்த அதிகாரி? மூன்றாம் வரிசையில் மச்சினன் கண்ணைத் திறந்தான். பின்னால் யாரோ கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார்கள்.

மனுக்காரருக்கு உள்ளங்கால் வரை வேர்த்தது. இது இங்கே என்றால் அது எங்கே? ஐயையோ, அவர் அழுதுகொண்டு எழுதியது மாநகராட்சிப் பெட்டியில்! குடும்ப விஷயத்தை ஊருக்குச் சொன்னார் என்று தெரிந்தால், அவள் இந்த ஜென்மத்தில் பேசமாட்டாள்.

திங்கட்கிழமை காலையில் மாநகராட்சி அலுவலகத்துக்கு விழுந்தடித்து ஓடினார். "பதிவு பண்ணியாச்சு சார்" என்றார் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா. "திரும்ப வேணும்னா ஒரு மனு எழுதிக் குடுங்க."

வியாழக்கிழமை அவள் கடைக்கே வந்து நின்றாள். கையில் மாநகராட்சிக் கடிதம். நாற்பத்திரண்டு மனுவுக்கு அசையாத அலுவலகம் இதற்கு நாலே நாளில் பதில் போட்டிருந்தது.

"பொருள்: மனைவி பேசாமை தொடர்பாக. தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. இது இவ்வலுவலகத்தின் அதிகார வரம்பில் இல்லை. உரியவரிடம் நேரில் விண்ணப்பிக்கவும். அசல் மனு இணைக்கப்பட்டுள்ளது."

இணைப்பில் அவர் கையெழுத்து. "ஆண்டவரே, நடைபாதை ஜனங்களுடையது, ஆகவே மனுவை என்னால் திரும்பப் பெற முடியாது. ஆனால் முதலில் மச்சினனிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். அவன் கோபத்துக்குப் பயந்து மாநகராட்சி ஜன்னலுக்குப் போனேன். அது என் தப்பு. அவள் கோபம் நியாயம். அவளை என்னிடம் பேசச் செய்யும். திட்டினாலும் போதும். ஒப்புகை தரவும்."

அவள் கண் சிவந்திருந்தது. கோபமா அழுகையா என்று தெரியாமல் அவர் எழுந்து நின்றார்.

"அந்த ஆபீஸ்ல யாரோ ஒரு அறிவாளி இருக்காரு" என்றாள், கடைச் சுவரைப் பார்த்து. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "நேர்லன்னு எழுதியிருக்காரில்ல? கிளம்புங்க."

பெயிண்ட் கடை வாசலில் மனுக்காரர் ஒரு டிரம்மின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "மாப்பிள்ளை... உன்கிட்ட சொல்லாம எழுதிப் போட்டது தப்புதான். மன்னிச்சுக்கோ. ஆனா டிரம்மை எடுத்துடுப்பா."

"ஆண்டவர் முன்னாடியே வாசிச்சு ஆமென் வேற சொல்லியாச்சு, இனி எங்க போய் ஒளியறது, அத்தான்?" என்றான் மச்சினன். "நானும்தான் சேர்ந்து சொல்லித் தொலைச்சேன். பிடிங்க அந்தப் பக்கம்."

மூன்று பேருமாய் டிரம்களை உள்ளே உருட்டிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் காலியான நடைபாதையில் வீட்டுக்கு நடந்தார்கள். பதினாறு நாள் அடக்கி வைத்தது மடை திறந்துகொண்டது.

"ஆண்டவருக்கு எழுதற லெட்டர்ல எந்த மனுஷனாவது போன் நம்பர் போடுவானா? அவர் என்ன, கூப்பிட்டு விசாரிப்பாரா? ஒப்புகையாம், ஒப்புகை! என் மானத்தை ரப்பர் ஸ்டாம்ப் குத்தி வாங்கிட்டு வந்திருக்கீங்க! ஏங்க, நான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன், நீங்க பாட்டுக்குக் கண்ணை மூடிக்கிட்டு வர்றீங்க. தூக்கமா?"

"இல்லம்மா" என்றார் மனுக்காரர். "ஒப்புகை வந்துடுச்சு. ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டு வர்றேன்."