ஆனந்தக் கண்ணீர் என்று போட்ட வீடியோ

எங்கள் காது மெஷின் கடையில் அந்த அக்காவைச் சல்லடை என்றுதான் கூப்பிடுவோம். பேர் வைத்தது முதலாளி. கடையின் சமூக வலைதளப் பக்கத்தில் எதைப் போடலாம், எதைத் தூக்கி எறியலாம் என்று பொறுக்கி எடுப்பது அவருடைய வேலை. பத்து வந்தால் ஒன்றுதான் தேறும். முதலாளி தினமும் அனுப்பும் காலை வணக்கப் படம் ஒருநாளும் தேறியதில்லை.

"காது மெஷினுக்கும் ரோஜாப்பூவுக்கும் என்ன சார் சம்பந்தம்? மூக்குக்கு வைத்தியம் பண்றோம்னா சரி."

எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையோடுதான் கடையின் விளம்பரச் செலவைப் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். முதல் நாளே அக்கா ஒரு மருத்துவக் கட்டுரையை என் முன்னால் நீட்டினார்.

"படிச்ச புள்ள, இத உங்க அப்பா கேட்டா புரிஞ்சுப்பாரா?"

"புரியாதுக்கா."

"அப்ப வேணாம். அவருக்குப் புரியற மாதிரி வேற தேடு."

வாரம் முழுக்க விலையையும் தள்ளுபடியையும் போட்டால் பார்ப்பவன் ஓடிவிடுவான் என்பார். மெஷினை எப்படித் துடைப்பது, மழையில் நனைந்தால் என்ன செய்வது, இப்படி உபயோகமானது நாலு போனால்தான் விற்கிற சரக்கு ஒன்று போகலாம். அடுத்தவர் எழுதியதை எடுத்தால் அவர் பேரைப் போட வேண்டும். யார் முகம் இருந்தாலும் வீட்டுக்குப் போன் செய்து அனுமதி வாங்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அதிகம் ஓடியது 'முதல் சத்தம்' வீடியோக்கள்தான். மெஷினைப் பொருத்தியதும் ஒருவர் முகம் மாறுவதைப் படம் எடுப்போம். அக்காவின் அப்பாவையும் அப்படித்தான் எடுத்தார்கள்.

அவர் தகரப் பட்டறையில் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே காதைத் தொலைத்தவர். மெஷினே வேண்டாம் என்று வருடக்கணக்கில் முரண்டு பிடித்து, ஒருவழியாக வந்து உட்கார்ந்தார். பொருத்தியதும் அக்கா, "அப்பா! கேக்குதா?" என்றார். பெரியவரின் தாடை நடுங்கியது. கண்ணில் நீர் வழிந்தது.

சொந்த அப்பாதானே என்று அக்கா அனுமதி எதுவும் வாங்கவில்லை. 'மகளின் குரல் கேட்டு அப்பாவின் ஆனந்தக் கண்ணீர்' என்று எழுதி அன்றே ஏற்றினார். அதுவரை நாங்கள் போட்ட எதுவும் அப்படி ஓடியதில்லை. அதைப் பார்த்துவிட்டே கடைக்கு ஆட்கள் வந்தார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

சில நாள் கழித்து அக்கா முகம் செத்துப்போய் வந்தார்.

"அப்பாவுக்குச் சலூன்ல யாரோ அந்த வீடியோவக் காட்டியிருக்காங்க. வந்ததும் மெஷினக் கழட்டிப் பெட்டியில வெச்சுட்டாரு. தொடவே மாட்டேங்கறாரு. பழக்கம் விட்டுப்போச்சுன்னா திரும்பப் பழையபடி ஊமைப் படம்தான். எங்கிட்ட வாயே திறக்கல. நீ கொஞ்சம் வீட்டுக்கு வாயேன்."

போனேன். ஒற்றைக் கட்டில் போட்ட சின்ன அறை. என்னைப் பார்த்ததும் பெரியவர், விருந்தாளிக்காகச் சட்டை மாட்டுவதுபோல மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"தம்பியும் அந்தக் கடைதானா?"

"ஆமாங்கய்யா."

"நான் சந்தோஷத்துல அழறேன்னு போட்டிருக்காங்க. சலூன்ல நாலு பேரு கை தட்டறான்."

"வேற எதுக்குப்பா அழுதீங்க?" அக்கா கத்தினார். பழக்கம்.

பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். "இதுக்குத்தான்."

பிறகு கையை இறக்கி அக்காவைப் பார்த்தார்.

"சாப்பிடுங்க, மாத்திரை போட்டீங்களா, எல்லாமே இந்தக் குரல்லதானா சொல்லிட்டு இருந்த? உதட்ட மட்டும் பாத்துட்டு நீ சாதாரணமா பேசறேன்னு நெனச்சுட்டு இருந்தேன்மா. எம் பொண்ணு தொண்டை இப்படித் தேஞ்சு போனதே என்னாலதான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதப் போயி ஊருக்கெல்லாம்..."

மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். அக்கா அங்கேயே நின்றபடி போனை எடுத்து அந்த வீடியோவை நீக்கினார். பெரியவரிடம் திரையைக் காட்டினார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் முதலாளி குதித்தார். "ஓடற குதிரையக் கட்டிப் போடறியேம்மா!"

"மத்த வீடியோவையும் நீக்கணும் சார்."

"எதுக்கு? எல்லாருக்கும் போன் போட்டுக் கேட்டல்ல?"

"போட்டேன். போனை எடுத்தது யாரு சார்? புள்ளைங்க, மருமகளுங்க. காது கேக்காதவங்க எப்படிப் போன் எடுப்பாங்க? அழுத ஆள் ஒருத்தர்கிட்டகூட நான் அனுமதி வாங்கல."

'முதல் சத்தம்' வரிசை முழுவதும் பக்கத்திலிருந்து இறங்கியது. பிறகு அக்கா ஒவ்வொருவரையும் கடைக்கு வரச் சொல்லி, தம் வீடியோவைத் தாமே சத்தத்தோடு பார்க்க வைத்தார். சிலர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். ஒரு அம்மா, தன் மகன் பேசுவதை வெட்டினால் போடலாம் என்றார். பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். பக்கம் மெலிந்தது. "இது சல்லடை இல்லப்பா, தட்டு. ஒண்ணுமே கீழ இறங்க மாட்டேங்குது" என்று முதலாளி முனகினார். ஆனால் தடுக்கவில்லை.

பெரியவரின் மெஷின் பெட்டி மட்டும் மூடியே இருந்தது. அக்கா வீட்டில் குரலைத் தணித்துப் பேசிப் பழகினார். கடையிலும் அந்தப் பழக்கம் வந்து, எங்களுக்கே பாதி புரியாமல் போனது. கேட்காத காதிடம் மெல்லப் பேசி என்ன பயன் என்று எனக்குத் தோன்றும்.

ஒருநாள் வந்ததும் வராததுமாக என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நேத்து எதிர்ல உக்காந்து மெதுவா ஒண்ணு சொன்னேன். என் வாயையே பாத்தாரு. கழுத்தப் பாத்தாரு. நரம்பு பொடைக்கல, நான் கத்தலன்னு புரிஞ்சுக்கிட்டாரு. 'என்ன சொல்ற? இரு, மெஷினப் போட்டுக்கறேன்'னாரு."

"என்னக்கா சொன்னீங்க?"

"மழை வருது, மாடியில துணி காயுதுன்னேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அவர் தடவித் தடவி மாட்டி முடிக்கறதுக்குள்ள எல்லாம் தொப்பலா நனைஞ்சிடுச்சு. நான் எந்திரிக்கவே இல்ல."