சிதம்பரத்தில் ஒரு துபாய்

இயக்குநர் எதைக் கேட்டாலும் "ரெடி சார்" என்று சொல்லிவிட்டு, அப்புறம் அதைத் தேடி ஓடுவதுதான் உதவி இயக்குநர் வேலை. ஓடிக் களைத்த சக உதவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. துபாயில் கட்டட வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்களைப் பற்றிய படம் அது. சிதம்பரத்துக்கு வெளியே பாதியில் நின்றுபோன ஒரு கட்டடத்தைத்தான் துபாய் ஆக்கினோம்.

நிஜக் கொத்தனார்

கூட்டத்தில் நிற்க நிஜக் கொத்தனார்கள் வேண்டும் என்றார் இயக்குநர். குமராட்சிக்குப் போய், பதினோரு வருஷம் துபாயில் வேலை பார்த்துத் திரும்பிய ஏழுமலையையும் அவர் கூட்டாளிகளையும் அழைத்து வந்தேன். முதல் நாள் கதாநாயகன் சுவரில் அடித்த கலவை பாதி அவர் சட்டையிலேயே விழுந்தது. நாலாவது டேக் முடிந்ததும், "பரவால்லையாங்க?" என்று ஏழுமலையிடம் கேட்டார் இயக்குநர்.

"நடிப்பு நல்லா இருக்கு சார். சுவருதான் நிக்காது."

பாலைவனத்தில் மழை

மூன்றாம் நாள் பெய்த மழையில், லாரி லாரியாகக் கொட்டிய பாலைவன மணல் பக்கத்து வயலுக்குள் இறங்கிவிட்டது. அரபு முதலாளி வேஷக்காரர் வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு சேற்றைத் தாண்டினார். ஏழுமலையின் கூட்டாளி ஒருவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"துபாய் இப்டி இருந்திருந்தா நான் ஊருக்கே வந்திருக்க மாட்டேன்."

அழுகைக் காட்சி

மனைவியிடம் போனில் பேசிக்கொண்டே அழும் காட்சியை இயக்குநர் ஏழுமலைக்கே கொடுத்தார். ஒவ்வொரு டேக்கிலும் மனிதர் சிரித்துச் சிரித்துப் பேசினார். இயக்குநருக்குக் கோபம். ஏழுமலை பொறுமையாகச் சொன்னார்:

"பேசும்போது அழுதா வீட்ல சாப்புட மாட்டாங்க சார். போனை வெச்சப்புறம்தான் அழுவோம். கேமராவ அதுவரிக்கும் ஓட வுடுங்க."

திருப்பாதிரிப்புலியூர் தியேட்டர்

படம் வெளியானது. மனைவி வசந்தாவைக் கூட்டிவர ஏழுமலை நாள் கடத்திக்கொண்டே இருந்தார். நான்தான் வற்புறுத்தி இருவரையும் தியேட்டருக்கு வரவைத்தேன். இடைவேளையில் என்னைத் தனியே இழுத்து, "நான் அங்க ஏசி ரூம்ல சூப்பர்வைசர்னு வீட்ல சொல்லி வெச்சிருக்கேன் சார்" என்றார். அதற்குள் மணி அடித்து மறுபாதி தொடங்கிவிட்டது. திரையில் தகரக் கொட்டகை, அடுக்குக் கட்டில், வெயில், போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து அழும் ஏழுமலை. பக்கத்தில் நிஜ ஏழுமலை தலை குனிந்திருந்தார். வசந்தா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சூப்பர்வைசருக்கு உள்ளங்கை இப்டியா காய்ச்சுப் போவும் மாமா? மொத தடவ லீவுல வந்தப்பவே தெரியும். ஆசையா சொன்னீங்க, கேட்டுக்கினு இருந்தேன்."

ஆறு மாதம் அலைந்து நாங்கள் எடுத்த படத்தில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லாத ஒரே ரசிகை, மறுநாளும் அதே படத்துக்கு டிக்கெட் கேட்டு எனக்குப் போன் செய்தார்.