மஞ்சள் பூசிய தறித் தெரு

1. உள்ளே போகிற வேலை

சர்வேயின் முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பது. அதற்குச் சம்பளமும் உண்டு என்றார்கள். எந்தப் பொம்பளை மாட்டேன் என்பாள்?

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சின்ன டவுன் பஞ்சாயத்து அது. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தத் தெருக்காரர்கள் இன்றைக்கும் தேடி வந்து திட்டுவார்கள். எழுபதுகளில், ஊரின் பழைய பிளானைத் திருத்திப் புது மாஸ்டர் பிளான் போட மதுரையிலிருந்து ஒரு சார் வந்தார். இருபது வருஷம் கழித்து ஊர் எப்படி இருக்கணும் என்று இப்போதே படம் போடுகிற வேலை. நாளைக்கு என்ன குழம்பு என்று தெரியாத எனக்கு அது பெரிய அதிசயம்.

ஆம்பளைகள் இல்லாத வீட்டில் ஆபீஸ் ஆட்களைப் பார்த்தால் பெண்கள் கதவைச் சாத்தினார்கள். அதனால் பஞ்சாயத்து ஆபீஸைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த என்னைச் சாரோடு அனுப்பினார்கள். நான் உள்ளே போய்ப் பார்ப்பேன். சார் வாசலில் நின்று கேட்பார். வீட்டுக்காரர் என்ன சொல்கிறாரோ அதைத்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். சாயங்காலம் படத்தில் கலர் அடிப்பார். குடியிருக்கிற இடம் மஞ்சள், கடை நீலம், தறி, மில் மாதிரித் தொழில் ஊதா, காடுகரை பச்சை.

2. மோட்டார் வைத்த கட்டில்

தறித் தெருவுக்குப் போன அன்று தெருவே ஊமையாகக் கிடந்தது. மற்ற நாளில் அங்கே பவர்லூம் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சுக் கேட்காது. தெருவுக்குப் பெரிய மனுஷர் சொக்கலிங்கம் அண்ணாச்சி. தறியைக் கணக்கெடுத்தால் வரி ஏறும், எல்லாரும் மூடி வையுங்கள் என்று முந்தின நாளே வீடுவீடாகச் சொல்லியிருந்தார்.

பேச்சியம்மா வீட்டுக்குள் போனேன். புருஷன் செத்த பிறகு காதில் கிடந்ததை விற்று ரெண்டு தறி வாங்கிப் பிழைத்தவள். தறி மேல் பாயும் போர்வையும் விரித்து, மாமியாரை ஏற்றி உட்காரவைத்திருந்தாள்.

“இது என்னத்தா?”

“கட்டிலு மதினி.”

“கட்டிலுக்கு மோட்டார் எதுக்கு?”

“அத்தைக்கு வயசாயிருச்சு. தானா எந்திரிக்க முடியல.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தலையில் பஞ்சு ஒட்டியிருக்கிறதே என்று சார் கேட்டார். நரை விழுந்துவிட்டது சார் என்றேன். அவர் முட்டாள் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேச்சியம்மாவிடம் கேட்டார். குடியிருக்கிறோம் என்றாள். எழுதிக்கொண்டார். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதே பதில். தெரு முழுக்க மஞ்சள்.

3. நாலு தறி

படத்தை ஆபீஸ் சுவரில் மாட்டி, ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று தண்டோராவும் போட்டாயிற்று. ஒருத்தரும் வரவில்லை. வரி தப்பியது என்று அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தார்.

அப்போது ஈ.பி.காரர்கள் பேச்சியம்மா வீட்டுக்கு வந்தார்கள். வீட்டு லயனில் தறி ஓட்டக் கூடாது, பஞ்சாயத்தில் லைசென்ஸ் வாங்கித் தனி லயன் எடு, இல்லாவிட்டால் கரண்டை வெட்டுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் ஆபீசுக்கு ஓடி வந்தாள். கிளார்க் சுவரைக் காட்டினார். மஞ்சள் தெருவில் மோட்டாருக்கு லைசென்ஸ் கிடையாது, பிளான் பாஸாகிவிட்டால் அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பேச்சியம்மா படத்துக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு தறியும் நின்றால் அவள் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

பிளானைப் பாஸ் பண்ணுவதற்கு முன்னால் ஊர்க்காரர்களைக் கடைசியாகக் கேட்கிற விசாரணை நாளன்று ஆபீஸ் ஹாலில் கூட்டம். சாருக்குப் பக்கத்தில் வரி வசூலிக்கிற பில் கலெக்டர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் தறித் தெருக்காரர்கள் பின்வரிசைக்கு நகர்ந்துகொண்டார்கள். தறித் தெருவைப் பற்றிச் சொல்ல ஏதும் உண்டா என்று சார் கேட்டார். அண்ணாச்சி எழுந்து, அங்கே தறியே கிடையாது, எல்லாம் குடும்பஸ்தர்கள் என்றார்.

பேச்சியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “போய்க் கட்டிலுக்கு லைசென்ஸ் கேளுடி” என்று அவள் காதில் சொன்னேன். எழுந்துவிட்டாள்.

“சார், எங்க வீட்டுல ரெண்டு தறி ஓடுது. அத்தைய மேல உக்காரவச்சு மறைச்சது நாந்தேன். வரிய போட்டுக்கங்க. அந்த மஞ்சள மட்டும் அழிச்சிருங்க.”

பில் கலெக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

“ஏத்தா, பேசாம உக்காரு,” என்றார் அண்ணாச்சி.

“ஒங்களுக்குக் காடு இருக்கு, கடை இருக்கு அண்ணாச்சி. எனக்குத் தறிய விட்டா என்ன இருக்கு?”

ஒரு வீட்டுக்காகத் தெருவின் கலரை மாற்ற முடியாது, வேறு யார் வீட்டில் தறி இருக்கிறது என்று சார் கேட்டார். ஆம்பளைகள் எல்லாரும் தரையில் எதையோ தேடினார்கள். வாசல் பக்கம் பெண்கள் நின்ற இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“எங்க வீட்டுல நாலு ஓடுது சார். இவுக சொன்னது நெசமில்ல.”

அண்ணாச்சியின் சம்சாரம். அண்ணாச்சி முகட்டைப் பார்க்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுப் பெண்ணாக எண்ணிக்கை சொல்ல, சாருக்கு எழுதி மாளவில்லை. மறுநாள் நேரில் வந்து பார்த்தார். மஞ்சள் மேல் ஊதாக் கோடு போட்டு, குடியிருக்கலாம், தறியும் ஓட்டலாம் என்று பிளானைத் திருத்தினார்கள்.

இப்போது சர்வேக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டுக்காரர் ஒளிக்கிற பொருளுக்குப் பிளானில் இடம் இருக்காது. அதை அவருக்கு முதலிலேயே சொல்லிவிட்டு அப்புறம் கேள்வியைக் கேளுங்கள்.

வரி நோட்டீசும் வரத்தான் செய்தது. அண்ணாச்சி அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேச்சியம்மா வாசலுக்குச் சண்டைக்கு வந்தார். ரெண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்து என்று கையைக் காட்டினார். பேச்சியம்மா நிமிர்ந்து, தலைக்கு மேல் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த லைசென்ஸைக் காட்டிவிட்டு, அறுந்த இழையை முடியக் குனிந்துகொண்டாள்.