முதலில் வரும் அப்பா

இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர், எனக்குத் தூக்கம் போதவில்லை என்றார்கள். மீதிப் பேர், எனக்கும் என் கணவருக்கும் ஏதோ மனஸ்தாபம், அதை மறைக்கக் கதை கட்டுகிறேன் என்றார்கள். என் அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டிலிருந்து எங்கள் சாமான்களை எடுத்து வந்தவன் அவன்தான். பட்டப்பகலில் போனவன், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, படுக்கையறைக் கட்டிலை மட்டும் அப்படியே விட்டுவிட்டு வந்தான். ஏன் என்று கேட்டேன்.

"வேற வாங்கிக்கலாம்" என்றான்.

அதற்கு மேல் இன்றுவரை அவன் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். அது நகரத்தின் ஒரு கோடி. என் கணவர் பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். அது மறுகோடி. எங்கள் கல்யாணப் பேச்சில் படிப்பைப் பார்த்தார்கள், குணத்தைப் பார்த்தார்கள், ரயில் பாதையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. குழந்தைக்காக என் வேலைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தோம். அவர் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர இரண்டு மணி நேரத்துக்கு மேல். மகள் எழுவதற்குள் கிளம்பிவிடுவார். அவள் தூங்கிய பிறகுதான் வருவார்.

மகளை நாங்கள் நண்டு என்றுதான் கூப்பிடுவோம். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. ஒரு விடுமுறை நாள் மதியம், கூடத்தில் உட்கார்ந்திருந்த அவரைக் காட்டி என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்: "அம்மா, இவரு ஏன் இன்னிக்குப் போகல?"

அவர் சிரித்தார். பிறகு முகம் கழுவுகிற சாக்கில் எழுந்து போனவர், வெகுநேரம் வெளியே வரவில்லை. அன்றைக்கே முடிவு செய்தோம். வேறு இடம் போய்விடுவது.

ரயில் வரைபடத்தைத் தரையில் விரித்து, இரண்டு பேருக்கும் நடுவில் எது வருகிறது என்று விரல் வைத்துப் பார்த்தோம். அவர் அக்கா, தன் வீட்டுப் பக்கம் வரச் சொன்னார். அங்கே நல்ல பள்ளிக்கூடம் இருந்தது, ஆனால் இரண்டு ரயில் மாற வேண்டும். தொழிற்சாலைப் பக்கம் போனால் காற்றெல்லாம் வெண்ணெய் வாசனை, ஆனால் என் காலை ஷிப்டுக்கு வண்டி கிடையாது. கடைசியில் நடுவில் ஒரு நிலையம் கிடைத்தது. காலையில் போய்ப் பார்த்தோம். மழையில் போய்ப் பார்த்தோம். காய் வாங்குகிற மாதிரி தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து அந்தப் பேட்டையைச் சுற்றி வந்தோம். நிழல் தரும் மரங்கள். நடக்கிற மாதிரி நடைபாதை. கூப்பிடு தூரத்தில் குழந்தைகள் காப்பகம். குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

அதுதான் எனக்கு உறுத்தியது.

"இவ்ளோ நல்ல வீடு ஏன் காலியா கெடக்கு?" என்று தரகரைக் குடைந்தேன்.

"குடும்பம் பெருசாயிடுச்சும்மா. வேற வீடு பாத்துப் போயிட்டாங்க."

"எத்தனை பிள்ளைங்க?"

"ஒண்ணுதான்" என்றார். சொல்லிவிட்டு, ஏற்கெனவே சாத்தியிருந்த ஜன்னலை மறுபடி சாத்தப் போனார்.

இரண்டாம் மாடி. இரண்டு அறை. பின்பக்கம் துணி துவைத்துக் காயப்போட ஒரு சின்ன பால்கனி. குடி வந்த முதல் வாரம் சொர்க்கம்தான். நான் நண்டுவைக் காப்பகத்திலிருந்து கூட்டிக்கொண்டு மாலை ஐந்துக்கு வீட்டில் இருப்பேன். அவர் எட்டு மணிக்குள் வந்துவிடுவார். மகள் அவர் தோளில் ஏறிச் சட்டையை முகர்ந்து, இன்றைக்கு எந்த பிஸ்கட் என்று கண்டுபிடிப்பாள். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு.

இரண்டாவது வாரம் ஒரு மாலை. ஆறரை மணி இருக்கும். பின்பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வாசல் கதவில் சாவி திரும்பியது. செருப்பைக் கழற்றும் சத்தம்... டொக்... டொக். நண்டு "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். படுக்கையறைக் கதவு சாத்திக்கொண்டது.

சீக்கிரம் வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"டீ போடவா?" என்று பால்கனியிலிருந்தே கேட்டேன்.

"ம்."

டீயோடு அறைக்குப் போனேன். நண்டு மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அப்பா எங்கே என்றேன். போய்விட்டார் என்றாள். கடைக்குப் போயிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

எட்டு மணிக்கு வந்தார். தோளில் பை. முகத்தில் ரயில் கசங்கல்.

"எங்க போயிட்டீங்க?"

"எங்க போவேன்? வேலைக்குத்தான்."

அடுப்பு மேடையில் அந்த டீ ஆடை படிந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே மாதிரி. சாவி. செருப்பு. மகளின் சிரிப்பு. நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அறை காலி. எட்டு மணிக்கு இவர்.

இந்த இடத்தில் எனக்குப் பேய் பிசாசு நினைப்பெல்லாம் வரவே இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எனக்கு வந்தது வேறு நினைப்பு. இவர் சீக்கிரம் வருகிறார், பிள்ளையைக் கொஞ்சுகிறார், என் முகத்தைப் பார்க்காமல் எங்கோ போகிறார், பிறகு அப்போதுதான் வருகிற மாதிரி வருகிறார். எங்கே போகிறார்? வேலை போய்விட்டதா? வேறு யாராவதா? அவர் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து முகர்ந்தேன். வெண்ணெய், வெனிலா. தொழிற்சாலை வாசனைதான். அப்படியும் மனசு ஆறவில்லை.

அவருக்கும் மனசு ஆறவில்லை என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

நண்டு அவர் வயிற்றின் மேல் படுத்திருந்தாள். சட்டென்று சொன்னாள்: "எனக்கு முதல்ல வர்ற அப்பாவைத்தான் ரொம்பப் பிடிக்கும். நீங்க ரெண்டாவது அப்பா."

அவள் தூங்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்.

"வீட்டுக்கு யாரு வர்றாங்க?"

"நீங்கதான் வர்றீங்க."

"நான் கேக்கறது வேற."

அன்று வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டோம். அவர் என்னைச் சந்தேகப்பட்டார், நான் அவரை. கல்யாணமாகி அப்படி ஒரு சண்டை போட்டதில்லை. கடைசியில் அவர் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்தில் படுத்தார்.

மறுநாள் காலை படியிறங்கும்போது, கீழ்வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள். வீட்டிலேயே தையல் போடுகிறவள். அதுவரை பார்த்தால் தலையாட்டுவாள், அவ்வளவுதான் பழக்கம்.

"சத்தம் கேட்டுது. தப்பா நெனைக்காதீங்க" என்றாள். "ஸ்டேஷன்ல எறங்குனதும் அவரைப் போன் பண்ணச் சொல்லுங்க. போன் வராம யாரு வந்தாலும் பேச்சு குடுக்காதீங்க."

"யாரு வருவாங்க?"

கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

சிரிக்காதீர்கள், நான் அவளையும் சந்தேகப்பட்டேன். நம் வீட்டிலிருந்து இவர் இறங்கிப் போவது அந்த வீட்டுக்குத்தானோ என்று. அதனால் அவள் சொன்னதை அவரிடம் சொல்லவே இல்லை. போன் பண்ணவும் சொல்லவில்லை.

அதற்கடுத்த வியாழக்கிழமை.

மழை இருட்டு. சமையலறையில் இருந்தேன். ஆறரை.

சாவி திரும்பியது.

டொக்... டொக்.

நண்டு ஓடினாள். அறைக்கதவு சாத்திக்கொண்டது. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அடுப்பை அணைத்தேன். வாசலுக்குப் போய் உள்தாழ்ப்பாளைப் போட்டேன். இனி எப்படி வெளியே போவார், பார்க்கலாம்.

செருப்பு விடும் இடத்தைப் பார்த்தேன். என் செருப்பு இருந்தது. மகளுடையது இருந்தது.

அவருடையது இல்லை.

அப்போது கையில் இருந்த போன் அடித்தது. அவர் எண்.

"ரயில் நடுவழியில நிக்குது" என்றார். பின்னால் ஜன நெரிசல், யாரோ யாரையோ திட்டுகிற சத்தம். "சிக்னல் கோளாறாம். இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். நண்டு சாப்டாளா?"

அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

அறைக்குள் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளோடு ஒரு ஆண் குரல் மெதுவாக எண்ணியது. ஒளிந்து விளையாடும்போது எண்ணுவது போல. ஒண்ணு... ரெண்டு... மூணு...

அவர் குரல்.

"போனை வச்சிடாதீங்க" என்றேன்.

"என்ன ஆச்சு?"

"நண்டு... இங்க வா" என்று கூப்பிட்டேன்.

எண்ணுவது நின்றது.

"அப்பா விட மாட்டேங்கறாரும்மா" என்றாள்.

போனில் இவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். உரக்கச் சொன்னார்:

"நண்டு, அப்பா பேசறேன்."

அறைக்குள்ளிருந்தும் கேட்டது.

"நண்டு, அப்பா பேசறேன்."

ஒரே நேரத்தில். ஒரே குரலில்.

கதவைத் தள்ளினேன். இருட்டு. தடவி விளக்கைப் போட்டேன்.

கட்டிலில் அவள் மட்டும்தான்.

ஆனால் மெத்தையில் உட்காரவில்லை. மெத்தைக்கு ஒரு சாண் மேலே... உட்கார்ந்திருந்தாள். யாரோ மடியில் இருப்பது போல. அவளுக்குக் கீழே மெத்தை அமுங்கியிருந்தது.

பாய்ந்து அவளைத் தூக்கினேன்.

வரவில்லை.

மறுபக்கம் இழுபட்டது.

பலமாக இல்லை. கொடுக்க மனமில்லாத கை எப்படிப் பிடிக்குமோ... அப்படி.

பிறகு விட்டது.

ஓடினேன். வாசல் தாழ்ப்பாளைப் போட்டவளே நான்தான், அதைத் திறக்க என் விரல்கள் படாத பாடு பட்டன. பின்னால் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. டொக்... டொக். திரும்பிப் பார்க்கவில்லை. காலில் செருப்பில்லாமல், மழையில், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நிலையம் வரை ஓடினேன். நடைமேடையில் கூட்டத்துக்கு நடுவில், டிக்கெட் பார்க்கிறவரின் கூண்டை ஒட்டி நின்றுகொண்டேன். அவர் ஏதோ கேட்டார். நான் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரயில் வந்தது. இவர் இறங்கினார். கூட்டம் பார்க்கும் என்ற வெட்கம்கூட இல்லாமல் அவர் சட்டையில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தேன். வெண்ணெய் வாசனை அடித்த பிறகுதான் அழுகையே வந்தது. போனில் கேட்டதே அவருக்குப் போதும். அங்கிருந்தே அவர் அக்கா வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டு வாசலை அதன்பின் நான் மிதிக்கவில்லை.

நண்டு ஒரு மாதம்போல அவ்வப்போது அழுதாள். எதற்கு என்று கேட்டால் சொல்ல மாட்டாள். பிறகு மறந்துவிட்டாள். இப்போது பழைய பேட்டையில், பழைய மாதிரியே இருக்கிறோம். அவர் வர இரவாகிறது. மகள் விழித்திருந்து பார்த்துவிட்டுத்தான் தூங்குவாள்.

ஒரு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் அவர் தொழிற்சாலைக் கேன்டீனில் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பெட்டி அடுக்கும் வண்டி ஓட்டுகிறவர், தனிக்கட்டை, தொழிற்சாலைக் குடியிருப்பிலேயே தங்கியிருப்பவர். பேச்சுவாக்கில் இவர் அந்தப் பேட்டையின் பேரைச் சொன்னதும், அந்த மனிதர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டாராம். தானும் குடும்பத்தோடு அங்கே இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் தெரு இல்லை, அடுத்த தெரு.

ஒருநாள் அவர் வந்த ரயில் தாமதமாம். மணி அடித்தாராம். மனைவி கதவைப் பாதி திறந்து, யார் நீங்கள், என்ன வேண்டும் என்று கேட்டாளாம். பின்னால் மகன் யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தானாம். கத்திப் பார்த்தாராம், கதவை இடித்துப் பார்த்தாராம். கடைசியில் போலீசைக் கூட்டிக்கொண்டு போனாராம். அவர்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவள் புருஷனிடமே பேசிவிட்டோம், அடுத்தவன் குடும்பத்தில் வந்து கலாட்டா பண்ணாதே என்று அந்த மனிதரையே அதட்டி அனுப்பினார்களாம்.

அவர் மனைவியும் மகனும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அந்த மனிதர் கடைசியாகச் சொன்னதை என் கணவர் என்னிடம் சொல்லப் பல நாள் எடுத்துக்கொண்டார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ரெண்டு மாசம் முன்னாடி பெட்டி சரிஞ்சு என் வலது கால் ஒடிஞ்சுதே, ஞாபகம் இருக்கா சார்? கட்டுப் பிரிச்சதும் ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். தூரத்துல நின்னு பாத்தேன். என் பையனைக் கூட்டிக்கிட்டு அந்த ஆளு கடைக்கு வந்தான். கையில கம்பு. நொண்டிக்கிட்டே வந்தான் சார்... அதே கால்."